கொள்ளைநோயும் வணிகமும்: 1918இல் அமெரிக்க நகரங்கள் சில

1918ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே தெருத் தண்டவாள வண்டிகளை நடத்திவந்த கம்பனியின் போக்குவரத்துப் பகுதியில் ஏறத்தாழ 400 பேர் பணியாற்றினர். அவர்களுள் 124 பேர் ஒரே நாளில் நோயுற்று வேலைக்கு வரவில்லை. அதே நகரின் தொலைபேசிக் கம்பனியில் இணைப்பு வழங்கும் பணியாளர் நூற்றுக்கு மேற்பட்டோர் தம் இருக்கைகளில் இல்லை. அவசியமற்ற அழைப்புக்களைத் தவிர்க்குமாறு கம்பனி பொதுமக்களை வேண்டிக்கொண்டது. வண்டியும் பழுதடையவில்லை, கம்பியும் அறுந்துவிடவில்லை. அவற்றை இயக்கும் மனிதரே இல்லாது போயினர்.

முதலாம் உலகப் போரின் இறுதியில் பரவிய இன்புளுவென்சாக் கொள்ளைநோய் வரலாற்றாசிரியரால் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட ஒன்றாகும். அல்பிரட் குறொஸ்பி 1976இல் வெளியிட்ட நூலின் பின்னரே அது ஆய்வாளர் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது எனலாம். அந்நோய்க்கு இலங்கையும் தப்பவில்லை. எனினும் அந்நெருக்கடியை வணிக நிறுவனங்கள் எவ்வாறு எதிர்கொண்டன, அரசு அவற்றுக்கு எவ்வகையில் வழிகாட்டியது என்னும் வினாவுக்கு அமெரிக்க நகரங்களின் பதிவுகளே விரிவான விடை தருகின்றன. ஆதலின் இக்கட்டுரை அவற்றின் எல்லைக்குள் நின்று அவ்வினாவை ஆராய முனைகின்றது.

சாதாரண சளிச்சுரம் முதியோரையும் குழந்தைகளையுமே பெரிதும் பலிகொள்ளும். 1918இன் நோயோ இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்டோரை, அதாவது உழைக்கும் வயதினரைக் குறிவைத்தது. மெட்ரோபொலிற்றன் ஆயுள் காப்புறுதிக் கம்பனியின் கணக்குப்படி, அதனிடம் காப்புறுதி செய்திருந்த 25 முதல் 45 வயது வரையான தொழிற்றுறைத் தொழிலாளருள் 3.26 சதவீதத்தினர் இறந்தனர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே அவ்விகிதம் 6.21 ஆகும். சுரங்கத்தினுள் நெருங்கி நின்று மூச்சு விடுபவனுக்கும் திறந்த வெளியில் உழைப்பவனுக்கும் நோய் ஒரே அளவினதாய் இருக்கவில்லை என்பதை இவ்விலக்கங்கள் புலப்படுத்துகின்றன.

கொடுக்கல் வாங்கலும் வீழ்ந்தது. ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் லிற்றில் றொக் நகர வணிகருட் சிலர் தம் விற்பனை 40 சதவீதம் குறைந்தது என்றனர். வேறு சிலர் 70 சதவீதம் என மதிப்பிட்டனர். பலசரக்கு வியாபாரம் மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. நாளொன்றுக்குச் சராசரி 10,000 டொலர் நட்டம் என்றும், இது பின்னர் ஈடுசெய்யக்கூடிய தாமதமன்று, மீளாத இழப்பே என்றும் பத்திரிகை எழுதிற்று. அந்நகரில் வியாபாரம் பெருகியது மருந்துக் கடைகளில் மட்டுமே.

இச்சூழ்நிலையில் நகர ஆட்சிகள் பெரும்பாலும் மூடுதல் என்னும் ஒரே கருவியையே கையாண்டன. நியூயோர்க் வேறு வழியை நாடியது. அதன் சுகாதார ஆணையாளர் றோயல் கோப்லண்ட் ஒக்டோபர் 4ஆம் திகதி பிறப்பித்த கட்டளை கடைகளையும் பணிமனைகளையும் மூடவில்லை. அவற்றின் நேரத்தையே மாற்றியது. உணவுக் கடைகளும் மருந்துக் கடைகளும் நீங்கலான ஏனைய கடைகள் காலை 8 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடவேண்டும். அலுவலகங்கள் 8.40க்குத் தொடங்கி 4.30க்கு முடியவேண்டும். இவ்வாறே வேறு தொழில்களுக்கும் வெவ்வேறு நேரங்கள் விதிக்கப்பட்டன. திரையரங்குகளும் ஒரே வேளையில் மக்களை வெளியே விடலாகாது. பாடசாலைகள் திறந்தே இருந்தன. சுரங்க இரயிலில் காலையிலும் மாலையிலும் முண்டியடிக்கும் கூட்டத்தைச் சிதறடிப்பதே இதன் நோக்கம். நகரத்தின் வணிகம் முழுவதும் ஒரே கடிகாரத்தின்படி நடப்பதே கூட்டத்துக்குக் காரணம் என்பதைக் கண்டு, கடிகாரத்தைப் பலவாக்கிய எளிய உபாயம் இது. இதற்குத் தனியொரு முதலாளியின் நல்லெண்ணம் போதாது. பக்கத்துக் கடைக்காரன் ஆறு மணிவரை திறந்திருக்கும்போது தான் மட்டும் நான்கு மணிக்கு மூட எவனும் துணியான். எல்லாரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் ஆணையே அதனை இயலச் செய்தது.

கோப்லண்டை நாம் மிகைபடப் போற்றவேண்டியதில்லை. தொடக்கத்தில் அபாயத்தைக் குறைத்துப் பேசியவருள் அவரும் ஒருவர். ஆயினும் அந்நகரில் ஆயிரம் பேருக்கு 4.7 ஆக இருந்த மிகைமரண வீதம் பொஸ்ரனில் 6.5 ஆகவும் பிலடெல்பியாவில் 7.3 ஆகவும் இருந்தது. இவ்வேறுபாடு நேர மாற்றத்தின் பயனே எனத் துணிந்து கூற இயலாது. காசநோய்க்கெதிராகப் பல்லாண்டு உழைத்துப் பண்பட்ட சுகாதாரத் திணைக்களம் ஒன்று அங்கே இருந்தமையையும் மறத்தலாகாது. பிலடெல்பியாவோ செப்ரெம்பர் 28ஆம் திகதி போர்க் கடன் திரட்டும் ஊர்வலத்துக்கு இரண்டு இலட்சம் மக்களைத் தெருவில் கூட்டிய நகரம்.

சென் லூயிஸ் நகரில் வைத்தியர் மக்ஸ் ஸ்ராக்லொவ் ஒக்டோபர் 7ஆம் திகதியே பொதுக் கூட்டங்களுக்குத் தடை விதித்தார். நவம்பர் 9இல் அத்தியாவசியமல்லாத கடைகளையும் தொழிற்சாலைகளையும் நான்கு நாட்கள் மூடுவித்தபோது வணிகர் சினந்தெழுந்தனர். சன் பிரான்சிஸ்கோவிலும் டிசெம்பரில் முகமூடிக் கட்டளையை மீண்டும் கொணரும் முயற்சி நத்தார் வியாபாரம் கெடும் என்ற கூக்குரலிடையே தோற்றது; சனவரியில் அக்கட்டளை எப்படியும் வரவேண்டியதாயிற்று. நாற்பத்து மூன்று நகரங்களின் பதிவுகளை ஒப்பிட்ட 2007ஆம் ஆண்டு ஆய்வொன்று, கட்டுப்பாடுகளை முன்கூட்டியும் நீண்டகாலமும் கைக்கொண்ட நகரங்களிலே மரணம் குறைந்தது எனக் காட்டிற்று. அந்நகரங்களின் பொருளாதாரமும் பின்னர் பிறவற்றினும் தாழவில்லை என 2020இல் வேறோர் ஆய்வு வாதித்தது. இம்முடிவை மறுத்தோரும் உளர். அந்நகரங்கள் முன்னரே வேகமாக வளர்ந்துவந்தவை என்பது அவர்தம் வாதம்.

கடைக்காரரின் நட்டத்தைப் பத்திரிகைகள் எண்ணி எழுதின. கூலியாளின் நட்டத்தை எண்ணியோர் குறைவு. வேலைக்கு வராத நாளுக்குக் கூலியில்லை என்பதே அன்றைய பொது நியதி. நோய்க்கால ஊதியத்தை உறுதிசெய்யும் சட்டம் எதுவும் இருக்கவில்லை. சுரத்துடன் வேலைக்கு வருபவன் தன் பக்கத்தில் நிற்பவனுக்கும் நோயைக் கொடுப்பான். வராதிருப்பவனின் வீட்டில் அடுப்பெரியாது. இரண்டிலொன்றைத் தெரிவுசெய்யும்படி தொழிலாளியை விட்டுவிட்ட முதலாளி, நோய் தன் ஆலைக்குள் நுழைந்தது எவ்வாறு என வியப்பதில் பொருளில்லை.

அக்காலத்தில் இதற்கு மாற்று வழியை எவரும் அறியாதிருக்கவில்லை. நோயுற்ற தொழிலாளிக்கு ஊதியத்தின் மூன்றிலிரு பங்கை இருபத்தாறு வாரங்கள் வரை வழங்கும் மாதிரிச் சட்டமூலமொன்றைத் தொழிற்சட்டச் சீர்திருத்தவாதிகள் அமெரிக்கா போரில் நுழைவதற்கு முன்னிருந்தே பல மாநிலங்களில் முன்வைத்து வந்தனர். கலிபோர்னியாவில் கட்டாய சுகாதாரக் காப்புறுதிக்கு இடமளிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 1918 நவம்பர் 5இல், அதாவது முகமூடியணிந்த மக்கள் வாக்களிக்கச் சென்ற அதே நாட்களில், பொதுசன வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. காப்புறுதிக் கம்பனிகள் அதனை எதிர்த்தன. இது செர்மனியில் பிறந்த திட்டம் என்ற பிரசாரம் போர்க்கால வெறுப்புக்கு நன்கு தீனியாயிற்று. மக்கள் அதைப் பெரும்பான்மையால் நிராகரித்தனர். அடுத்த ஆண்டு நியூயோர்க் மாநில மேற்சபை நிறைவேற்றிய சட்டமூலமும் கீழ்ச்சபையில் மாண்டது.

வணிக நிறுவனங்கள் கொள்ளைநோய்க்கு முன்னரே ஆயத்தஞ் செய்யவேண்டும் என்ற எண்ணம் அரசின் ஏட்டில் ஏற எண்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. பறவைக் காய்ச்சல் அச்சத்தையடுத்து 2005 டிசெம்பரில் அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களம் வணிக நிறுவனங்களுக்கான சரிபார்ப்புப் பட்டியலொன்றை வெளியிட்டது. இன்றியமையாப் பணியாளர் யாவர், அவருக்குப் பதிலாள் யார், மூலப்பொருள் தடைப்பட்டால் வழி யாது என்பவற்றை அது வினவியது. நோயுற்றோரைத் தண்டிக்காத விடுமுறை முறைமையையும் பரிந்துரைத்தது. நோய் உச்சமடையும் இரு வாரங்களில் ஊழியருள் நாற்பது சதவீதம் வரை வராதிருக்கலாம் என 2006இன் தேசியத் திட்டம் கொண்டது. மெம்பிஸ் வண்டிக் கம்பனி ஒரே நாளில் இழந்தது முப்பத்தொரு சதவீதத்தினரை என்பதை நோக்கின் இம்மதிப்பீடு மிகையன்று. ஆனால் பட்டியல் பரிந்துரைக்கவே செய்தது, எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

2020 மார்ச்சில், கொவிட் நோய் பரவிய பின்னர், நோய் விடுமுறைக்கு ஊதியம் வழங்குமாறு தனியார் நிறுவனங்களைப் பணிக்கும் கூட்டாட்சிச் சட்டம் முதன்முறையாக நிறைவேறியது. ஐந்நூறும் அதற்கு மேலும் ஊழியரைக் கொண்ட பெரு நிறுவனங்கள் அதற்குள் அடங்கவில்லை. அதன் கட்டாயம் அவ்வாண்டு டிசெம்பர் 31ஆம் திகதியுடன் முடிவுற்றது.