கால் நீட்ட ஒரு கம்பி - ஹைவே பெக் பிறந்த கதை

இரண்டு மணி நேரம் தொடர்ந்து பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், முட்டி எப்படி இறுகிப் போகும் என்று. மடக்கின கால் மடக்கினபடியே கிடக்கும். சிக்னலில் நின்று காலைக் கீழே ஊன்றும்போதுதான் அப்பாடா என்று இருக்கும். சிக்னலே இல்லாத சாலையாக இருந்தால்? அதுவும் நூறு, இருநூறு கிலோமீட்டருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வளைவுகூட இல்லாமல் இருந்தால்? அப்படிப்பட்ட சாலைகளில் ஓட்டி ஓட்டி அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததுதான் ஹைவே பெக்.

பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. வண்டி கீழே விழுந்தால் காலுக்கும் இன்ஜினுக்கும் அடிபடாமல் இருக்க முன்னால் வளைத்து மாட்டியிருப்பார்களே, லெக் கார்டு, அதில் இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முடுக்கிய ஒரு ஜோடி ஃபுட்ரெஸ்ட். வழக்கமான ஃபுட்ரெஸ்ட்டில் கால் சலித்துப் போனால் எடுத்து முன்னால் நீட்டி இதன் மேல் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்னக் கம்பிக்குப் பின்னால் சாலைச் சட்டம், பெட்ரோல் தட்டுப்பாடு, சினிமா, வாரன்ட்டித் தகராறு என்று ஏகப்பட்டது ஒளிந்திருக்கிறது. பிகாம் படிக்கிறவனுக்கு பைக் வரலாறு எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும் :-)

முதலில் கொஞ்சம் பழைய கதை. ஆரம்ப கால மோட்டார்சைக்கிள் என்பது இன்ஜின் மாட்டின சைக்கிள்தான். கால் வைக்கிற இடம் பெடல். 1903 மே மாதம் ஜார்ஜ் வைமன் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்து அப்படி ஒரு வண்டியில் கிளம்பி, 50 நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். சாலை என்று சொல்ல ஒன்றும் இல்லாத இடங்களில் ரயில் தண்டவாளத்தின் கட்டைகள் மேலேயே ஓட்டினார். கடைசியில் ஆல்பனி வந்ததும் இன்ஜின் கையை விரித்துவிட்டது. மீதி 150 மைலை மனிதர் பெடல் மிதித்தே முடித்தார்! அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முதல் மோட்டார் வாகனம் அதுதான், கார்கூட அதற்குப் பிறகுதான். அந்தப் பயணத்தில் காலுக்கு ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. காலும் இன்ஜினில் ஒரு பகுதி.

1910களின் நடுவில் பெடல் மறைந்து கிக்கர் வந்தது. கிளட்ச், பிரேக் எல்லாம் காலுக்கு இறங்கின. கூடவே அமெரிக்க வண்டிகளில் ஃபுட்போர்டு வந்தது, நம் ஸ்கூட்டரில் கால் வைக்கிறோமே அந்த மாதிரி இரண்டு பக்கமும் தனித்தனிப் பலகை. இது நல்ல ஏற்பாடு. பலகையில் காலை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். அந்த நாளைய ஹார்லி, இந்தியன் வண்டிகளின் படங்களைப் பாருங்கள், ஓட்டுபவர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருப்பார். 1914ல் கேனன் பால் பேக்கர் இந்தியன் வண்டியில் சான் டியேகோவில் இருந்து நியூயார்க்குக்கு 11 நாள் 12 மணி 10 நிமிடத்தில் போனார். வைமனுக்கு 50 நாள், இவருக்கு 11 நாள். நடுவில் பதினோரே வருடம்.

இங்கிலாந்து வண்டிகள் வேறு வழியில் போயின. அங்கே சாலை குறுகல், வளைவு அதிகம். வளைவில் வண்டியைச் சாய்க்க வேண்டும் என்றால் பலகை தரையில் உரசும். அதனால் ஒல்லியான ஃபுட்ரெஸ்ட், அதுவும் உடம்புக்கு நேர் கீழே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ட்ரையம்ஃப், பிஎஸ்ஏ எல்லாம் அமெரிக்காவில் இறங்கின. 1960களில் ஜப்பான் வண்டிகளும் அதே மாதிரி கால் அமைப்போடு வந்தன. ஆக, வளைவுச் சாலைக்காகப் பிறந்த உட்காரும் முறை, நேர் சாலை நாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டது. என்னைக் கேட்டால் பிரச்சினை ஆரம்பித்தது இங்கேதான்.

அந்த நேர் சாலை வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1919ல் அமெரிக்க ராணுவம் ஒரு லாரி ஊர்வலத்தை வாஷிங்டனில் இருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிப் பார்த்தது. போய்ச் சேர 62 நாள் ஆனது. அதில் கூடப் போன இளம் அதிகாரிகளில் ஒருவர் ஐசன்ஹோவர். அவரே ஜனாதிபதி ஆகி, 1956 ஜூன் 29ல் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 41,000 மைல் சாலை, செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. சிக்னல் கிடையாது, குறுக்குச் சாலை கிடையாது, எதிரே வருகிற வண்டி தனிப் பாதையில்.

இதை பைக் ஓட்டுபவரின் காலில் இருந்து யோசித்துப் பாருங்கள். இடது காலுக்கு வேலை கியர், வலது காலுக்கு வேலை பின் பிரேக். டாப் கியர் போட்டு ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் போகிற சாலையில் இரண்டு காலுக்கும் வேலையே இல்லை. வேலை இல்லாத காலை எதற்கு வேலை செய்கிற இடத்திலேயே கட்டிப் போட வேண்டும்? அதான்! லெக் கார்டு மேல் காலைத் தூக்கிப் போடுவது யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்திருக்கும். வழுக்குகிற குழாய்க்குப் பதிலாக ரப்பர் வைத்த ஒரு கட்டை மாட்டினால் அது ஹைவே பெக். பேரிலேயே சாலை இருக்கிறது பாருங்கள்.

இதற்கு ஸ்டைல் சேர்த்தது சாப்பர் கூட்டம். முன் ஃபோர்க்கை நீட்டி, சீட்டைத் தாழ்த்தி, காலை முன்னால் வைத்து ஓட்டுகிற வண்டிகள். 1969ல் ஈஸி ரைடர் படம் வந்த பிறகு அந்தத் தோரணை உலகம் முழுக்கச் சுவரொட்டி ஆனது. (அந்தப் படத்து வண்டிகளை உருவாக்கியதில் முக்கியமானவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள். படத்தில் அவர்கள் பெயர் வரவில்லை. வண்டி மட்டும் பிரபலமானது.) ஆனால் சாப்பரில் பிரேக்கும் கியருமே கால் கூட முன்னால் போய்விடும். ஹைவே பெக் அப்படி இல்லை, கன்ட்ரோல் பழைய இடத்தில், கால் மட்டும் முன்னால். இந்த வித்தியாசம் முக்கியம். பின்னால் வருகிறேன்.

இப்போது 1970கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் முன்னால் வரிசை. 1974 ஜனவரியில் நிக்சன் நாடு முழுக்க 55 மைல் வேக வரம்பு கொண்டுவந்தார். நம் கணக்கில் மணிக்கு 88 கிலோமீட்டர். அதே 1974ல் ஹோண்டா கொலோன் கண்காட்சியில் கோல்ட் விங்கைக் காட்டியது, 999 சிசி, நாலு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் இன்ஜின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். 1975ல் விற்பனை. வேகமாகப் போக எல்லா வசதியும் உள்ள வண்டி, வேகமாகப் போகக் கூடாத நாட்டில்!

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 1,000 மைலை 70 மைல் வேகத்தில் போனால் பதினாலே கால் மணி நேரம். 55ல் போனால் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். சட்டத்தால் சீட்டில் உட்காரும் நேரம் கிட்டத்தட்ட நாலு மணி கூடிவிட்டது. இந்த வேக வரம்பு கிராமப்புற இன்டர்ஸ்டேட்களில் 1987ல் 65 ஆகத் தளர்ந்து, 1995ல் ஒரேயடியாகப் போனது. நடுவில் இருந்த இருபது வருடமும் கோல்ட் விங்குக்கு சௌகரியச் சாமான் விற்றவர்களின் பொற்காலம் என்பது என் வாதம். வேகத்தை விற்க முடியாத இடத்தில் சொகுசைத்தானே விற்க வேண்டும்?

முதல் கோல்ட் விங்கில் முன்னால் கண்ணாடித் தடுப்பும் இல்லை, பெட்டியும் இல்லை. அதை கிரெய்க் வெட்டர் மாதிரி வெளி ஆட்கள் செய்து விற்றார்கள். அவருடைய விண்ட்ஜாமர் ஃபேரிங் 1971லேயே வந்தது. ஃபேரிங்குக்கும் ஹைவே பெக்குக்கும் என்ன சம்பந்தம்? காலை முன்னால் நீட்டினால் உடம்பு பின்னால் சாயும். காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்க வேண்டி வரும். கால் வலி போய்க் கை வலி வரும். காற்றைத் தடுக்க ஒன்று இருந்தால்தான் நீட்டின கால் சுகம். கடைசியில் 1980ல் ஹோண்டாவே ஃபேரிங், பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு வண்டி விட்டது. அதற்கு வைத்த பெயர் இன்டர்ஸ்டேட். சாலையின் பெயரையே வண்டிக்கு வைத்துவிட்டார்கள்.

எங்கள் பாடத்தில் காம்ப்ளிமென்டரி குட்ஸ் என்று வரும், பேனாவும் மையும் மாதிரி. ஃபேரிங்கும் பெக்கும் அதற்கு அருமையான உதாரணம்.

வாரன்ட்டி விஷயம் இதைவிட சுவாரசியம். வெளியில் வாங்கின பெக்கை மாட்டினால் "உன் வாரன்ட்டி காலி" என்று கம்பெனி சொல்லலாமா? அமெரிக்காவில் அப்படிச் சொல்லக் கூடாது. 1975ல் வந்த மேக்னசன் மாஸ் வாரன்ட்டிச் சட்டப்படி, எங்கள் பிராண்ட் பாகத்தைத்தான் போட வேண்டும் என்று வாரன்ட்டிக்கு நிபந்தனை வைக்க முடியாது, அந்தப் பாகத்தை இலவசமாகக் கொடுத்தால் ஒழிய. கோல்ட் விங் கடைக்கு வந்த அதே வருடம்! உதிரி சாமான் வியாபாரம் அங்கே இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022ல் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி, ஹார்லி டேவிட்சன் மீது இதே சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுத்தது. வெளிப் பாகம் போட்டால் வாரன்ட்டி போய்விடும் என்கிற மாதிரி விதிகளை எடுக்கச் சொல்லி, அதை வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்கவும் உத்தரவிட்டது. உதிரி பாகம் மற்றும் ஆக்சஸரி விற்பனையை ஹார்லி தன் ஆண்டறிக்கையில் தனி வரியாகக் காட்டுகிறது. அந்த வரியை யார்தான் வெளிக் கடைக்காரருக்கு விட்டுக்கொடுப்பார்கள்?

சரி, நல்லது மட்டும்தானா? இல்லை. மேலே சொன்ன வித்தியாசத்துக்கு இப்போது வருவோம். ஹைவே பெக்கில் கால் இருக்கும்போது பிரேக் பெடல் கிட்டத்தில் இல்லை. மணிக்கு 60 மைல் என்றால் விநாடிக்கு 27 மீட்டர். காலைத் தூக்கிப் பின்னால் கொண்டுவர அரை விநாடி கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 13 மீட்டர், ஒரு பஸ் நீளம் போய்விடும். முன் பிரேக் கையில் இருக்கிறதே, நிறுத்துவதில் பெரும்பங்கு அதுதானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 1983 கோல்ட் விங்கில் கால் பெடலை அழுத்தினால் பின் பிரேக்கோடு முன் டிஸ்க்கில் ஒன்றும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி மாற்றினார்கள். அப்படிப்பட்ட வண்டியில் பெடலை விட்டுத் தள்ளி இருக்கிற கால் இரண்டு மடங்கு நஷ்டம்.

உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கால் கீழே இருக்கும்போது பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்ட்டை மிதித்து லேசாக எழுந்து கொள்ளலாம். கால் முன்னால் நீண்டிருந்தால் எழவே முடியாது. மொத்த எடையும் அடி முதுகில். குண்டும் குழியுமான சாலையில் ஹைவே பெக்கில் கால் வைத்து ஒரு பள்ளத்தில் இறங்கிப் பாருங்கள், முதுகெலும்பு எண்ணிக் காட்டும். அதனால் அனுபவசாலிகள் இதை நிரந்தர இடமாக வைத்துக்கொள்வதில்லை. பத்து நிமிடம் முன்னால், பத்து நிமிடம் கீழே. முட்டியின் கோணம் மாறிக்கொண்டே இருந்தால் போதும், கெண்டைக்காலில் ரத்தம் தேங்காது. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல் ஓட்டினால் சான்றிதழ் கொடுக்கிற அயர்ன் பட் சங்கம் என்று ஒன்று 1980களில் இருந்து இருக்கிறது (பேரை மொழிபெயர்க்க மாட்டேன்!). அந்த மாதிரி தூரத்துக்கு உட்காரும் நிலையை மாற்றிக்கொண்டே இருப்பது ஆடம்பரம் இல்லை.

எல்லா வண்டியிலும் மாட்டவும் முடியாது. பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டிகளில் சிலிண்டர் இரண்டும் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு சரியாக முழங்காலுக்குக் கீழே நிற்கும். நீட்டப் போனால் சூடான இரும்பில் இடிக்கும். அந்தக் கம்பெனி 1997ல் ஆர்1200சி என்று ஒரு க்ரூஸர் விட்டபோதுகூட, க்ரூஸருக்கே உரிய கால் நீட்டலை முழுசாகக் கொடுக்க முடியவில்லை. 2020ல் வந்த ஆர்18லும் அதே கதை, 1,802 சிசி இன்ஜின் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

கோல்ட் விங் பக்கம் இன்னொரு திருப்பம். 2018 மாடலில் இருந்து டிசிடி ஆட்டோமேட்டிக் கியர் கிடைக்கிறது. ஊருக்குள் ஓட்டினாலும் இடது காலுக்கு இனி வேலை இல்லை. வைமன் கடைசி 150 மைல் மிதித்த அந்தக் காலுக்கு! வலது கால் மட்டும் பிரேக்குக்காகக் காத்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கியவர்கள் ஹைவே பெக்கை ஒரு பக்கத்துக்கு மட்டும் கேட்டால் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுப்பாரா என்றுதான் என் கவலை.