கிண்டியில் படித்த மூன்று பெண்கள்

"பொண்ணுக்கு எதுக்கு இன்ஜினியரிங்?" இந்தப் பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும், மாணவிகளே. ஏ. லலிதா 15 வயதில் மணமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா சுப்பா ராவ், 1940இல் மகளை அங்கேயே மின்பொறியியலில் சேர்த்துவிட்டார். சுற்றிலும் ஆண்கள், விடுதியில் லலிதாவுக்கு ஒரே தனிமை. அப்பா சும்மா இருக்கவில்லை, பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் கொடுத்தார். லீலாம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் கட்டுமானப் பொறியியல் படிக்க வந்தார்கள். படிக்க இடம் கிடைத்ததைவிட, துணை கிடைத்ததுதான் பெரிய விஷயம் என்பேன். (ஆசிரியர்களே, உங்கள் ரோபோட்டிக்ஸ் கழகத்தில் ஒரே ஒரு மாணவியா? இன்னும் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள்.) மூவரும் பட்டம் பெற்றபோது, சான்றிதழில் ஆங்கிலத்தில் 'ஹி' என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு 'ஷி' என்று திருத்த வேண்டியிருந்தது. பிற்பாடு பக்ரா நங்கல் அணையின் மின்பணிகளிலும் லலிதாவின் உழைப்பு இருந்தது.