அடுப்பேறாத சாப்பாடு பிறந்த கதை

1893 ஆகஸ்ட் 22. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இருபத்து மூன்று வயது வழக்கறிஞர் ஒருவர் காலை உணவுக்கு உட்கார்ந்தார். இரண்டு மேசைக்கரண்டிக் கோதுமை, ஒரு கரண்டி பட்டாணி, ஒரு கரண்டி அரிசி. மூன்றும் இரவெல்லாம் தண்ணீரில் ஊறியவை; எதுவும் வேகவில்லை. கூடவே உலர்ந்த திராட்சை, கொஞ்சம் கொட்டைப் பருப்பு, இரண்டு ஆரஞ்சு, ஒரு கோப்பை கொக்கோ. மென்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. லண்டனில் சட்டம் படித்த காலத்தில் சைவ உணவுக்காரர்களோடு பழகியவர் அவர். அவர்களில் ஏ.எஃப். ஹில்ஸ் என்பவர், நெருப்புப் படாத உணவில்தான் உயிர்ச்சத்து முழுதாக இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவந்தார். அதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்க்க மோகன்தாஸ் காந்தி விரும்பினார்.

இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. பல் வலித்தது, உடம்பு சோர்ந்தது, பசி அடங்கவே இல்லை. நடந்ததை மறைக்காமல் நாள்வாரியாகக் குறித்து, மறு ஆண்டு லண்டன் சைவ இதழில் வெளியிட்டார்.

சமைக்காத, பாலும் சேர்க்காத சாப்பாட்டை நம் வீடுகளில் இன்று பலர் செய்து பார்க்கிறார்கள். ஏதோ நேற்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய பழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். இதன் பிறப்பில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு, நாஞ்சில் நாட்டு மண்ணுக்கும் உண்டு. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு சமையலறைக்குள் போனால் வயிற்றுக்கு நல்லது.

முதல் சோதனை தோற்றதோடு காந்தி விட்டுவிடவில்லை. 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே நண்பர் ஹெர்மன் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். அந்தத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமக்குத் தெரிந்த அளவில் காந்தியே தமிழ் சொல்லிக்கொடுத்தார். பண்ணையைச் சுற்றி ஆரஞ்சும் ஆப்ரிகாட்டும் பிளம்ஸுமாகப் பழமரங்கள் சுமார் ஆயிரம். 1912-ல் அவரும் காலன்பாக்கும் பாலை விட்டார்கள். அடுத்து அடுப்பையும் விட்டார்கள். பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய்: இவ்வளவுதான் சாப்பாடு. பாலையும் தேனையும் முற்றாகத் தவிர்க்கும் வீகன் இயக்கத்தை இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் தொடங்கியது 1944-ல். அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே, தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த ஒரு பண்ணையில் அந்தச் சாப்பாடு நடைமுறையில் இருந்திருக்கிறது. இந்தத் தடவை உடம்பும் ஒத்துழைத்தது. பழமும் கடலையும் அவருக்குப் பல ஆண்டுகள் ஈடுகொடுத்தன.

மூன்றாவது முயற்சி 1929-ல். ஆந்திரச் சுற்றுப்பயணத்தின்போது ராஜமுந்திரியைச் சேர்ந்த இயற்கை மருத்துவர் சுந்தரம் கோபாலராவ் தூண்ட, மே மாதம் மறுபடியும் நெருப்பில்லா உணவுக்கு மாறினார். ஜூன் 13 தேதியிட்ட 'யங் இந்தியா'வில் தம் அன்றாட அளவைப் பட்டியலாகவே கொடுத்தார். முளைவிட்ட கோதுமை 8 தோலா, விழுதாக அரைத்த பாதாம் 8 தோலா, இடித்த பச்சைக் கீரை 8 தோலா, எலுமிச்சை 6, தேன் 2 அவுன்ஸ். ஒரு தோலா ஏறக்குறைய பன்னிரண்டு கிராம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோதுமைக்குப் பதிலாக முளைகட்டிய கடலை. அந்த நாட்களில் பாதாமுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால். ஆசிரமத்தில் பலரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஆகஸ்டில் சீதபேதி வந்து படுத்தார். சோதனை நின்றது. அதையும் பத்திரிகையில் ஒளிக்காமல் எழுதினார்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோதுமையும் பயறும் பச்சையாக முன்னுக்கு வந்த இரண்டு தடவையும் தோல்வி. பழமும் கொட்டையும் முன்னுக்கு வந்த ஒரு தடவை வெற்றி. என்னைப் பொறுத்தவரை நெருப்பில்லாச் சாப்பாட்டின் மொத்தப் பாடமும் இதில் அடங்கிவிடுகிறது. தானியத்தின் மாவுச்சத்து வெந்து குழைந்தால்தான் மனிதக் குடல் அதை எளிதில் செரிக்கும். பச்சைப் பயறில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. முளைகட்டினால் குறையும், முழுதாகப் போகாது. வாழைக்காயின் மாவுச்சத்தோ பழுக்கும்போது தானாகவே சர்க்கரையாகிவிடுகிறது. மரத்திலும் வாழைத்தாரிலும் வெயில் செய்து முடித்துவிட்ட சமையல் அது. தேங்காய்க்கும் அடுப்பு வேண்டாம்.

இந்த இடத்தில்தான் குமரி மாவட்டம் கதைக்குள் வருகிறது. நாஞ்சில் நாடான தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நெல் விளையும் பூமி. அங்கே சாப்பாடு என்றால் சோறுதான். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் தென்னையும் வாழையும் பலாவும். செவ்வாழை, ஏத்தன், மட்டி, பேயன், சிங்கன், துளுவன், பாளையங்கோட்டான் என்று ஒரே சந்தையில் இத்தனை வாழைக்குலை தொங்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அடுப்பேறாத சாப்பாடு வேர்பிடிக்கத் தோதான நிலம்.

வேர் முன்பே இருந்தது. பொற்றையடிப் பக்கம் நிற்கும் மருத்துவாழ்மலையின் பிள்ளைத்தடம் குகையில் ஸ்ரீநாராயண குரு தவமிருந்தார். 1888-ல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவியதற்கு முந்தைய காலம் அது. அப்போது அவருக்குப் பெரும்பாலும் கட்டுக்கொடி இலைதான் ஆகாரம் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். இலையை நன்றாகக் கழுவி, தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கிப் பிழிந்து, சக்கையை எடுத்துவிட்டு அசையாமல் வைத்தால், கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சைத் தண்ணீர் அப்படியே உறைந்து கட்டியாகிவிடும். கத்தியால் வெட்டி எடுக்கலாம். நெருப்பும் இல்லை, மாவும் இல்லை. உடம்புச் சூட்டுக்குச் சித்த மருத்துவர்கள் இதைத் தருவதுண்டு. காந்தி பிரிட்டோரியாவில் பட்டாணி மென்றதற்குச் சில ஆண்டுகள் முன்னாலேயே, அகஸ்தீஸ்வரம் தாலுகாவின் ஒரு குகையில் நெருப்பில்லா உணவை உண்டு ஒருவர் வாழ்ந்திருக்கிறார்.

பின்னாளில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், ஆழ்வார்குறிச்சியை அடுத்த சிவசைலத்தில் இராமகிருஷ்ணன் நிறுவிய நல்வாழ்வு ஆசிரமம், தேங்காயும் பழமும்தான் மனிதனுக்கு உகந்த உணவு என்பதைத் தென்மாவட்டங்களில் பரப்பியது. பழத்தட்டோடும் தேங்காய்ச் சில்லோடும் நடக்கும் இயற்கை உணவு விருந்துகளை நம் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு அந்த வழி தெரிந்திருக்கும்.

வீட்டில் செய்வதற்கு வருவோம். மட்டிப்பழத்திலிருந்து தொடங்கலாம். சிறு விரல் போன்ற காய், தோல் மெல்லியது, பழுத்தால் வீடே மணக்கும். குமரி மாவட்டத்தில் கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் இதுதான். 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நன்றாகக் கனிந்த மட்டி ஐந்தாறு எடுத்துக் கையால் மசித்துக்கொள்ளுங்கள். முற்றிய தேங்காய் ஒன்றைத் திருவி அரைத்து, தண்ணீரே விடாமல் முதலில் ஒரு பிழி பிழியுங்கள். கெட்டியாக வருவது தலைப்பால். தேங்காயை அரைக்க மிக்ஸியைவிட அம்மி நல்லது என்பேன். மிக்ஸி நெடுநேரம் ஓடினால் சூடேறி, பாலின் மணம் மாறிவிடும். தலைப்பாலை மசித்த பழத்தில் ஊற்றி, ஏலக்காய் ஒன்றைத் தட்டிப் போட்டால் முடிந்தது. வேறு இனிப்பே தேவையில்லை. செய்த சூட்டோடு என்று சொல்ல முடியாது. ஆனால் செய்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். நம் ஊர் வெக்கையில் பச்சைத் தேங்காய்ப்பால் சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

உப்புச் சுவை வேண்டுமா? வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வட்டுக்கும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டுப் பொடியாக அரிந்து, எலுமிச்சைச் சாறு, திருவிய தேங்காய், பச்சைமிளகாய் சேருங்கள். பச்சை மாங்காய்ச் சம்மந்தியில் தாளிப்பை மட்டும் விட்டுவிட்டால் அதுவும் அடுப்பேறாத சாப்பாடுதான். கோடையில் நுங்கும் இளநீரும் இருக்கின்றன.

அவல்? ஊறவைத்த அவலில் தேங்காயும் பழமும் போட்டுப் பிசைவதை இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத்தான் அவல் செய்கிறார்கள். ஆகவே அது முழுப்பச்சை அல்ல. கருப்பட்டியும் காய்ச்சியதே. ஆனாலும் அவலை நான் தள்ளமாட்டேன். காந்தியை வீழ்த்திய பச்சைக் கோதுமையைவிட, ஏற்கெனவே சூடுபட்ட அவல் வயிற்றுக்கு இதமானது. வீகன் நெறியில் உறுதியாக நிற்பவர்களுக்கு மார்த்தாண்டம் தேனும் ஆகாது. மட்டியும் பேரீச்சையும் இருக்கும்போது அது பெரிய இழப்பும் அல்ல.

அண்டிப்பருப்பை, அதாவது முந்திரிப்பருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். இந்தச் சாப்பாட்டு வகையில் பாலாடைக்கும் வெண்ணெய்க்கும் கேக்குக்கும் மாற்றாக ஊறவைத்து அரைத்த முந்திரிப்பருப்பைத்தான் போடச் சொல்கிறார்கள். கடையில் 'பச்சை முந்திரி' என்று எழுதி விற்பதை வாங்கி, பச்சை என்றே நம்புகிறார்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் ஏமாறத் தேவையில்லை. அண்டி ஆபீஸ்கள் எனப்படும் முந்திரி ஆலைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. அண்டியின் தோட்டுக்குள் தோலைப் பொத்துப்போக வைக்கும் காரமான எண்ணெய் இருக்கிறது. வறுத்தோ ஆவியில் வேகவைத்தோதான் தோட்டை உடைக்கிறார்கள். உள்தோலை உரிப்பதற்காகப் பருப்பை மறுபடியும் சூடான அறையில் உலர்த்துகிறார்கள். கடைக்கு வரும்போது அது இரண்டு தடவை சூடு கண்டிருக்கும். அந்த எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் உரிந்த விரல்களோடு வேலை பார்க்கும் பெண்களை விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பல ஊர்களில் பார்க்கலாம். உயிர்களை நோகடிக்காத உணவு வேண்டும் என்று நினைப்பவர்கள், தங்கள் தட்டில் விழும் பருப்பு எந்தக் கைகள் வழியாக வந்தது என்பதையும் நினைக்கத்தான் வேண்டும். தேங்காய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் முந்திரியை அரைத்துக் கொட்ட வேண்டியதில்லை.

பச்சையாகத் தின்னவே கூடாதவையும் இருக்கின்றன. முதலாவது மரச்சீனி எனும் மரவள்ளிக்கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு ஈடுகொடுக்க இந்தக் கிழங்கைப் பரப்பியபோது, வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டவேண்டும் என்பதையும் சேர்த்தே மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பச்சைக் கிழங்கில் சயனைடாக மாறும் நஞ்சு இருக்கிறது. இன்றும் நம் வீடுகளில் முதல் தண்ணீரை ஊற்றிவிடும் வழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம். சேனையும் அப்படித்தான், பச்சையாகத் தொட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். சிவப்பு ராஜ்மாவை முளைகட்டினால்கூட வேகவைக்காமல் தின்னக்கூடாது.

சிறுபயறு முளைகட்டுவதில் சுத்தம் முக்கியம். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ-கோலை தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முளை வளரும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தமானவை. ஆகவே காய்ச்சி ஆறிய தண்ணீரில் கழுவுங்கள். துணியை வெயிலில் உலர்த்துங்கள். வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். காந்தியின் சீதபேதியும் இப்படி ஏதேனும் ஒன்றில் தொடங்கியிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு உண்டு.

மூன்று வேளையும் இதையே சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். பால், முட்டை, மீன் எதுவும் இல்லாத சாப்பாட்டில் வைட்டமின் பி12 கிடைக்காது. எவ்வளவு கீரை தின்றாலும் கிடைக்காது, மாத்திரையாகத்தான் எடுத்தாகவேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இந்தச் சோதனைக்குள் இழுக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டிப்பழத்தை எண்ணித்தான் சாப்பிடவேண்டும், அதுவும் மருத்துவரைக் கேட்டு.

மற்றவர்கள் காலை ஒரு வேளையை மட்டும் இப்படி மாற்றிப் பாருங்கள். கடையில் டப்பாவில் வரும் ஓட்ஸையும் கலிஃபோர்னியா பாதாமையும் தேடிப் போக வேண்டாம். உங்கள் ஊர்ச் சந்தையில் என்ன குலை பழுத்திருக்கிறது என்று பார்த்து, ஒரு தேங்காயும் வாங்கி வாருங்கள். மட்டி கிடைத்தால் விடாதீர்கள்.