மெல்ல இழுத்த பொருள்

தொய்வு நோயாளி ஒருவர் நள்ளிரவில் எழுந்திருந்து மூச்சுக்குப் போராடுவதைக் கண்டோர், அவருடைய மார்பினுள் ஏதோ அடைத்துக் கொண்டதென்றே எண்ணுவர். அடைப்பு உண்டு; ஆயினும் அது வெளியிலிருந்து வந்ததன்று. சுவாசக் குழாய்களைச் சூழ்ந்த தசை சுருங்குகின்றது, குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்குகின்றது, சளி பெருகுகின்றது. அத்தசைக்குச் சுருங்குமாறு கட்டளையிடுவது யாது?

இரசாயனப் பொருளொன்று கலத்தின்மீது செயற்படுவதற்கு, அதனை ஏற்கும் பகுதியொன்று அக்கலத்தில் இருத்தல் வேண்டுமெனக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் லாங்லி 1905ஆம் ஆண்டிற் கூறினார். இன்று அதனை வாங்கி என்கிறோம். தூதுப் பொருள் திறவுகோல் என்றால், வாங்கி அதற்குரிய பூட்டு. 1910ஆம் ஆண்டில் ஹென்றி டேலும் லெயிட்லோவும் இலண்டனில் ஹிஸ்தமீன் என்ற பொருளைக் கினியாப் பன்றிகளுக்கு ஊசிமூலம் செலுத்தினர். அவற்றின் சுவாசக் குழாய்கள் இறுகி மூடிக்கொண்டன. திறவுகோல் அகப்பட்டுவிட்டதென்று பலர் நம்பியதில் வியப்பில்லை.

நம்பிக்கை நீடிக்கவில்லை. ஹிஸ்தமீனின் பூட்டை அடைக்கும் மருந்துகள் 1940களில் வழக்கிற்கு வந்தன. தோற்றடிப்பும் மூக்குச் சளியும் அவற்றுக்கு அடங்கின. தொய்வு மட்டும் அடங்கவில்லை. வேறொரு திறவுகோல் இருந்தாக வேண்டும்.

அதன் தடயம் அதற்கு முன்னரே வேறொரு கண்டத்திற் கிடைத்திருந்தது. யூதர் என்பதால் 1933ஆம் ஆண்டில் பேர்லினிற் பதவியிழந்த வில்லெம் பெல்ட்பேர்க், டேலின் ஆய்வுகூடத்தில் அடைக்கலம் பெற்று, பின்னர் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்குச் சென்றார். அங்கு கெல்லவே என்பாருடன் சேர்ந்து, கினியாப் பன்றியின் சுவாசப்பையினூடே நாகபாம்பின் நஞ்சைச் செலுத்தி, வெளிவந்த திரவத்தைக் குடற்றுண்டொன்றின்மீது இட்டார். ஹிஸ்தமீன் குடற்றசையைச் சடுதியில் இழுத்து, சடுதியில் விட்டுவிடும். இத்திரவமோ மெல்ல இழுத்தது. விடவும் மெல்லவே விட்டது. 1938ஆம் ஆண்டில் அவர்கள் அதனை மெல்லச் செயற்படும் பொருள் என்றே குறித்தனர். வேறு பெயரிட அவர்களிடம் ஆதாரம் ஏது? ஒவ்வாமைக்கு உள்ளான கினியாப் பன்றியின் சுவாசப்பையிலிருந்தும் இத்தகைய பொருள் வெளிவருவதைக் கெல்லவேயும் திரெதெவியும் 1940ஆம் ஆண்டிற் காட்டினர்.

பின்னர் பிரித்தானியாவில் புரொக்கில்ஹர்ஸ்ட், ஹிஸ்தமீனை மருந்தால் தடுத்துவிட்ட பின்னரும் இவ்விழுப்பு எஞ்சி நிற்பதை ஆராய்ந்தார். தொய்வு நோயாளரின் சுவாசப்பைத் துண்டுகளும் அதனை வெளிவிட்டன. விளைவு கண்ணுக்குத் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. ஆய்வாளர் கைக்கு வந்த அளவு அத்துணை நுண்மையானது. வேடிக்கை என்னவெனில், 1973ஆம் ஆண்டில் பிரித்தானிய மருந்து ஆய்வாளர் சிலர், திறவுகோலின் வடிவை அறியாமலே அதன் பூட்டை அடைக்கும் சேர்வையொன்றைக் கண்டுகொண்டனர்!

வடிவம் 1979ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோம் நகரில் வெளிப்பட்டது. பெங்ட் சாமுவெல்சனும் அவருடைய கூட்டாளிகளும், அது கலமென்சவ்வின் கொழுப்பிலுள்ள அரக்கிடோனிக் அமிலத்திலிருந்து பிறப்பதைக் கண்டு, லியூக்கோத்திரையீன் எனப் பெயரிட்டனர். மனிதனின் சுவாசக் குழாயைச் சுருக்குவதில் அது ஹிஸ்தமீனைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு வலியதென 1980ஆம் ஆண்டிற் புலனாயிற்று. ஹிஸ்தமீன் எதிர்மருந்துகள் தோற்றதன் காரணங்களுள் ஒன்று அப்போதுதான் விளங்கியது. 1982ஆம் ஆண்டு மருத்துவ நொபெல் பரிசைப் பெற்ற மூவருள் சாமுவெல்சனும் ஒருவர்.

லியூக்கோத்திரையீனின் பூட்டை அடைக்கும் மொன்ரெலுகாஸ்ட் என்ற மாத்திரை 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது பொருந்தும் வாங்கி மறு ஆண்டிலேயே இனங்காணப்பட்டது. மாத்திரை பலருக்கு உதவிற்று, எல்லார்க்கும் அன்று. சிலரிடம் அது மனநிலையைக் குலைக்கலாமெனக் கடும் எச்சரிக்கையொன்றும் 2020ஆம் ஆண்டில் அங்கு சேர்க்கப்பட்டது. ஒரு நோயாளியின் சுவாசப்பையில் லியூக்கோத்திரையீன் ஓங்கி நிற்க, இன்னொருவரிடம் வேறு தூதுகள் ஓங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றான இன்ரலூக்கின்-5, அழற்சிக் கலங்களைப் பெருகச் செய்வது. அப்பொருளையே பற்றிப் பிடித்து, அது தன் வாங்கியை அடையாமற் செய்யும் மருந்து, கடுந்தொய்வு நோயாளருக்கென 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.