மெத்தனால் நச்சு: பழவேற்காடு மீனவக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

மெத்தனால், தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ஒருவகைச் சாராயம். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது இதுவே. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முகர்ந்தோ, சுவைத்தோ, கொளுத்திப் பார்த்தோ இதைக் கண்டறிய இயலாது. எலுமிச்சைச் சாறு, சோடா, குளிர்பானம் என எதைக் கலந்தாலும் நஞ்சு முறியாது.

குடித்தவுடன் வழக்கமான போதை மட்டுமே தெரியும். கல்லீரல் மெத்தனாலைச் சிறிது சிறிதாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. பார்வை நரம்பைச் சிதைப்பது அந்த அமிலமே. ஆகவே அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தோன்றும். மாலையில் குடித்தவர் விடியலில் ஏரியிலோ கடலிலோ படகில் இருக்கக்கூடும் என்பதை வீட்டார் நினைவில் கொள்க.

வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, பனிமூட்டம் போன்ற மங்கலான பார்வை ஆகியவை தோன்றினால் உடனே 108-ஐ அழையுங்கள். இதனைப் ‘போதை தெளியவில்லை’ என்று கருதி உறங்கவிடாதீர்கள். வாந்தி எடுக்கத் தூண்ட வேண்டாம். மாற்று மருந்தென எண்ணி வேறு மதுவைக் கொடுக்கவும் வேண்டாம். எத்தனால், ஃபோமெபிசோல் ஆகிய முறிமருந்துகளை மருத்துவரே அளந்து தருவார். தேவைப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்பும் செய்யப்படும்.

எஞ்சிய சாராயத்தை உடன் எடுத்துச் செல்லுங்கள். அதே சாராயத்தைக் குடித்த மற்றவர்களும், நலமாகத் தோன்றினாலும், அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். குடித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.