மாதிரித் தேர்வும் நீட் மதிப்பெண்ணும்

மாதிரித் தேர்வு என்பது, ஒரு நுழைவுத் தேர்வின் பாடத்திட்டம், வினா எண்ணிக்கை, நேரம், மதிப்பெண் முறை ஆகியவற்றை அப்படியே பின்பற்றி முன்கூட்டி நடத்தப்படும் பயிற்சித் தேர்வு. மாணவர் பேச்சில் இது ‘மாக் டெஸ்ட்’. தொடராக நடந்தால் ‘டெஸ்ட் சீரிஸ்’. இளநிலை மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வுக்குப் படிப்பவர் வீட்டில், ‘மாக்’கில் 560 வந்தால் தேர்விலும் 560 வருமா என்ற பேச்சு ஓயாது. யார் முன்னால், யார் பின்னால் என்பதை மாதிரித் தேர்வு நன்றாகவே காட்டும். எத்தனை மதிப்பெண் வரும் என்பதை ஒரு வரம்புக்குள்தான் காட்டும். எந்த ரேங்க் கிடைக்கும் என்பது அதன் கையில் இல்லை.

நீட் வினாத்தாளில் 180 வினாக்கள்: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும், மொத்தம் 720. 2025 தேர்விலும் விடைகளை ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் நிரப்ப வேண்டியிருந்தது. 2021 முதல் 2024 வரை 200 வினாக்கள் தரப்பட்டு 180க்கு விடையளித்தால் போதும் என்றிருந்தது. 2022 முதல் 2024 வரை நேரமும் 200 நிமிடம். 2025இல் விருப்ப வினாக்கள் நீக்கப்பட்டன, நேரம் 180 நிமிடமாகக் குறைந்தது. எனவே அந்தப் பழைய தாள்களை அன்றைய விதிப்படி எழுதி வாங்கும் மதிப்பெண், புதிய அமைப்புக்குச் சற்றுத் தாராளமானது. பழைய வினாக்கள் பலவும் பயிற்சிப் புத்தகங்களில் ஏற்கெனவே கண்ணில் பட்டவை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊக விடைகளின் பங்கு

மதிப்பெண் ஏன் ஏறி இறங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு மாணவி 120 வினாக்களுக்கு ஐயமின்றி விடையளிக்கிறார், 480 மதிப்பெண். இன்னும் 30 வினாக்களில் இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றை ஊகிக்கிறார். மற்ற 30 வினாக்களைத் தொடவில்லை. ஊகித்தவற்றில் பாதி சரியானால் 45 சேர்ந்து 525. ஆனால் பாதி என்பது சராசரிதான். 12 சரியானால் 510, 18 சரியானால் 540. இப்படி எழுதுவோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த எல்லைக்கும் வெளியே விழும். ஒரு வரி கூடுதலாகப் படிக்காமலும் படித்ததில் ஒன்றை மறக்காமலும் 30 மதிப்பெண் மாறிவிடுகிறது. அளவியலாளர் இதை அளவீட்டுப் பிழை என்பார்கள். ‘போன வாரம் 540, இந்த வாரம் 510’ என்று வீட்டில் எழும் சண்டைகளில் பல, இந்தப் பிழையின் மேல் நடப்பவை.

இதன் தொடர்ச்சிதான் சராசரியை நோக்கித் திரும்புதல். பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டு பிரான்சிஸ் கால்டன் 1886இல் விளக்கிய போக்கு இது. பத்து மாதிரித் தேர்வு எழுதியவர் அவற்றுள் மிக உயர்ந்ததைத் தன் மதிப்பெண்ணாக நினைத்துக்கொள்கிறார். அந்த உச்சத்தில் திறமையோடு அன்றைய அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. அடுத்த தேர்வில் திறமை உடன் வரும். அதிர்ஷ்டம் வரவேண்டிய கட்டாயம் இல்லை. பதற்றத்தில் கோட்டைவிட்டதாகச் சொல்லப்படும் முடிவுகளில் ஒரு பகுதி, உண்மையில் தன் சராசரிக்குத் திரும்பிய முடிவுகளே.

தேர்வுச் சூழலும் கணக்கைக் கலைக்கும். 2025இல் நீட் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கியது. காலையில், விசிறிக்கடியில், இடையே எழுந்து தண்ணீர் குடித்து எழுதிய தேர்வு அதற்கு ஈடாகாது. கைப்பேசிச் செயலியில் விரலால் தொட்டுப் பழகியவருக்கு, 180 வட்டங்களைப் பேனாவால் நிரப்பச் செலவாகும் நிமிடங்கள் தேர்வறையில்தான் தெரியவரும். தேசியத் தேர்வு முகமை 2020 ஊரடங்குக் காலத்தில் வெளியிட்ட இலவச மாதிரித் தேர்வுச் செயலி பலருக்கு உதவியது. இந்த ஒரு குறை அதற்கும் உண்டு.

வினாத்தாளின் கடினம்

மாதிரித் தேர்வால் எட்டவே முடியாத இடம், அந்த ஆண்டின் வினாத்தாள் எவ்வளவு கடினம் என்பது. நீட் தேர்வில் பொதுப்பிரிவினருக்கான தகுதி எல்லை 50ஆம் சதமானம். அதாவது தேர்வு எழுதியோரின் நடு மதிப்பெண். அது 2022இல் 117, 2023இல் 137, 2024இல் திருத்தப்பட்ட முடிவின்படி 162, 2025இல் 144. மேல்தட்டில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. 2024இல் முதலில் 67 பேருக்கு 720க்கு 720 வந்தது. சிலருக்குத் தரப்பட்டிருந்த கருணை மதிப்பெண்ணின் நீக்கம், அவர்களுக்கான மறுதேர்வு, ஓர் இயற்பியல் வினாவுக்கு ஒரே விடை என்ற முடிவு ஆகியவற்றுக்குப் பின் அது 17 ஆனது. அவ்வாண்டு 700ஐத் தொட்டவர்கள் 2,300க்கும் மேல். 2025இல் நாட்டின் முதலிடமே 686; 651 முதல் 686 வரை வாங்கியவர்கள் 73 பேர் மட்டுமே. 2024 தாளின் தரத்தில் பயின்று 660 எதிர்பார்த்தவர் 2025இல் 580 வாங்கியிருந்தால், அவர் சறுக்கினார் என்று சொல்ல முடியாது. தாள் கடுமையானது, கூடவே எல்லோரும் இறங்கினார்கள்.

தாளுக்குத் தாள் கடினம் மாறுவதை வேறு தேர்வுகள் வேறு விதமாகக் கையாள்கின்றன. அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வில் ஒவ்வொரு தாளின் கடினத்தையும் சமன்செய்தே 400 முதல் 1600 வரையிலான மதிப்பெண் தரப்படுகிறது. தேர்வை நடத்தும் அமைப்பே மாதிரித் தாள்களையும் உருவாக்குகிறது. அதனால் அங்கே மாதிரி மதிப்பெண்ணுக்கு மதிப்பு அதிகம். பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின், பல வேளைகளில் நடப்பதால் மதிப்பெண்ணைச் சதமானமாக மாற்றுகிறது. நீட் பேனாவும் தாளுமாக ஒரே நாளில் நடந்த ஆண்டுகளில் இந்தச் சமன்செய்தல் இல்லை. வாங்கிய மதிப்பெண் அப்படியே நின்றது.

எனவே ஒரு பயிற்சி மையத்தின் தொடரில், பல ஆயிரம் பேருக்கு நடுவே மாணவர் நிற்கும் இடம் அவர் வாங்கிய மதிப்பெண்ணைவிடப் பயனுள்ள குறி. தாள் கடினமானாலும் எளிதானாலும் அந்த இடம் அதிகம் நகராது. கடைசியாக எழுதிய நான்கைந்து முழுநீளத் தேர்வுகளின் சராசரி, ஒற்றை உச்சத்தைவிட நம்பத்தக்கது. பாதிப் பாடத்துக்கு மட்டும் நடந்த தேர்வை அந்தச் சராசரியில் சேர்க்கக் கூடாது.

இறுதியில் கிடைக்கும் ரேங்க்கும் அந்த ஆண்டைப் பொறுத்ததே: தமிழ்நாட்டில் மருத்துவக் கலந்தாய்வுக்கான தரவரிசைப் பட்டியல் அந்தந்த ஆண்டின் நீட் மதிப்பெண்ணைக் கொண்டே தயாராகிறது. முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் அதில் எங்கும் இடம்பெறுவதில்லை.