ஸ்காட்லாந்தின் புஸ்தக தர்மம்

ஸ்காட்லாந்து தேசத்தாரும், அத்தேசத்தை விட்டு அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் குடியேறியவர்களின் சந்ததியாரும், தங்கள் முன்னோரின் சரித்திரத்தைப் பேணுவதற்கென்று சங்கங்கள் அமைத்து, அவற்றின் சார்பில் உள்ளூர் நூல் நிலையங்களுக்குப் புஸ்தகங்கள் வழங்குவதைக் காண்கிறவர்கள், அதை இக்காலத்துப் பழக்கம் என்று எண்ணிவிடக் கூடும். ஆனால் பிரபுக்களும் பாதிரிமார்களும் மட்டுமன்றி, ஈயச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களும் ஆட்டிடையர்களும் வளர்த்த தர்மம் அது. முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் அதற்கு உண்டு.

பெர்த்ஷயர் பகுதியில், எர்ன் நதியின் அருகே உள்ள இன்னர்பெஃப்ரே என்னும் சிற்றூரில், 1680ஆம் ஆண்டையொட்டி, மேடர்டி பிரபுவாகிய டேவிட் டிரம்மண்ட் தமது சொந்த நூல்களைச் சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்குப் பொதுவாக்கினார். பின்னர் அந்த எஸ்டேட்டுக்கு வாரிசாக வந்த ராபர்ட் ஹே டிரம்மண்ட், யார்க் நகரத்து அதிமேற்றிராணியாராக இருந்த காலத்தில், 1762இல் அந்நூல்களுக்கென்று அழகிய கட்டடம் ஒன்று எழும்பியது. ஆயினும் அக்கட்டடத்தைக் காட்டிலும் பெரிய செல்வமாக நான் மதிப்பது, 1747 முதல் அங்கே எழுதப்பட்டு வந்த பதிவேட்டைத்தான். நூலை எடுத்துச் சென்றவர் பெயரும் ஊரும், பல இடங்களில் தொழிலும் அதில் காணப்படுகின்றன; உபாத்தியாயரும் வைத்தியரும் மாத்திரம் அல்லர், நெசவாளி, சாயத் தொழிலாளி, தச்சர், தையற்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர், வீட்டு வேலையாள் என்று ஒரு கிராமிய சமூகம் முழுவதுமே அதில் வரிசையாக நிற்கிறது. பிரபுவின் அறையில் இருந்த கனமான சமய நூல்களையும் சரித்திர நூல்களையும் இவர்கள் மைல் கணக்காக நடந்து சுமந்து சென்று படித்தார்கள் என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேறு வேண்டியதில்லை.

மேலோர் மனமுவந்து கொடுத்த தானம் இது. கீழே இருந்தவர்கள் தாங்களே கூடிச் செய்த காரியத்தைக் காண, தெற்கே லௌதர் மலைகளில் உள்ள லெட்ஹில்ஸ் என்னும் ஊருக்குப் போக வேண்டும். காற்றும் குளிரும் மிகுந்த அந்த மேட்டு நிலத்தில் ஈயமே முக்கியமான செல்வம். கவிஞர் ஆலன் ராம்சே பிறந்ததும் அங்கேதான். அச்சுரங்கத்துக்கு நிர்வாகியாக வந்த கணித மேதை ஜேம்ஸ் ஸ்டெர்லிங், சுரங்கத்துக்குள் வேலை நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறைத்து, தொழிலாளருக்குத் தோட்டமிட்டுக்கொள்ள நிலமும் கொடுத்தார். உழைப்பாளிக்கு ஓய்வு கொடுத்தால் அதை அவன் வீணாக்குவான் என்று எக்காலத்திலும் எஜமானர்கள் சொல்லி வந்த வாதத்துக்கு லெட்ஹில்ஸ் கொடுத்த பதில் மகத்தானது: 1741இல் இருபத்துமூன்று பேர் கூடி ஒரு வாசக சங்கத்தை ஸ்தாபித்தார்கள், அவர்களுள் பாதிரியாரும் பள்ளி உபாத்தியாயரும் நீங்கலாக மற்ற இருபத்தொருவரும் சுரங்கத் தொழிலாளிகள். அவரவர் கூலியில் மிச்சம் பிடித்த சந்தாவைக் கொண்டு நூல்கள் வாங்கினார்கள். திரும்பி வரும் நூல்களில் கறையோ கிழிசலோ உண்டா என்று பார்ப்பதற்கும் தங்களுக்குள்ளேயே ஆட்களை நியமித்தார்கள்.

பதினைந்து வருஷத்துக்குப் பின் அடுத்த ஊராகிய வான்லாக்ஹெட்டிலும் அவ்வாறே ஒரு சங்கம் தோன்றிற்று. 1803இல் ஆங்கிலக் கவிஞர் வர்ட்ஸ்வர்த்தும் அவர் சகோதரி டாரதியும் கவிஞர் கோல்ரிட்ஜும் அம்மலைகளின் வழியே பயணம் செய்தபோது, லெட்ஹில்ஸ் சுரங்கக்காரர்களின் நூல் நிலையம் முப்பது பவுன் விலையுள்ள ஒரு நூலைச் சமீபத்தில் வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு வியந்தார்கள். ஷேக்ஸ்பியர் இருக்கிறதா என்று விசாரித்ததற்கு, அதுவும் இருக்கிறது என்று பதில் வந்தது. டாரதி தம் பிரயாண நூலில் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

மேற்கூறிய இரண்டு வகைகளும், அதாவது பெரியவர் கொடையும் எளியவர் முயற்சியும், ஒன்றாய்க் கலந்த இடம் வெஸ்டர்கர்க். டம்ஃபிரீஸ்ஷயரின் உட்பகுதியான எஸ்க் பள்ளத்தாக்கில், ஆண்டிமனி வெட்டிய தொழிலாளருக்காக 1793இல் ஏற்பட்ட நூல் நிலையம் அது. சில வருஷங்களில் சுரங்கம் நின்றுபோனாலும், நூல்கள் அழியாமல் அந்தத் திருச்சபை வட்டத்து மக்கள் எல்லோருக்கும் உரியவையாயின. அவ்வட்டத்திலே 1757இல் பிறந்தவர் தாமஸ் டெல்ஃபோர்ட். ஆட்டிடையரின் மகனாகிய அவர், பிறந்த சில மாதங்களிலேயே தந்தையை இழந்து, லாங்ஹோமில் கற்கொத்தராக வேலை பழகிய நாளில், பாஸ்லி என்னும் குடும்பத்து அம்மையார் ஒருவர் தம் அலமாரியைத் திறந்து மில்டன் முதலியோரின் நூல்களை இரவல் கொடுத்தார். அந்தக் கற்கொத்தரே பிற்காலத்தில் மேனாய் ஜலசந்தியின் மேல் தொங்குபாலம் கட்டி, கலிடோனியக் கால்வாயை வெட்டுவித்து, 1834இல் இறந்தபின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தம் மரண சாசனத்தில் வெஸ்டர்கர்க், லாங்ஹோம் ஆகிய இரண்டு நூல் நிலையங்களுக்கும் தலா 1,000 பவுன் எழுதிவைத்து, அம்முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு வருஷந்தோறும் புது நூல்கள் வாங்க ஏற்பாடு செய்தார்.

இரவல் கொடுத்த அந்த அம்மையாருக்கு இதைவிட உயர்ந்த பிரதி உபகாரம் இருக்க முடியாது என்பது என் எண்ணம். அந்தச் சாசனத்தின் பலனை, டெல்ஃபோர்டின் சரித்திரத்தை எழுதிய ஸாமுவேல் ஸ்மைல்ஸ் வர்ணித்திருக்கிறார்: மாதம் ஒரு முறை, பௌர்ணமி நாளில் நூல் நிலையம் கூடும், குடியானவரும், உழவரும், இடையரும், அவர்கள் பிள்ளைகளும் வெகு தொலைவிலிருந்து நடந்து வந்து, ஒரு மாதத்துக்கு வேண்டிய நூல்களை எடுத்துக்கொண்டு போவார்கள். விளக்கில்லாத மலைப் பாதைகளில் திரும்புகிறவர்களுக்கு நிலவே துணை என்பதை மனத்தில் கொண்டு நாளைக் குறித்த அந்த ஊராரின் விவேகம் போற்றத்தக்கது.

பிற்காலத்தில், ஸ்காட்லாந்தில் பிறந்த தனவந்தர் கார்னகி உலகெங்கும் கட்டுவித்த 2,500க்கு மேற்பட்ட நூல் நிலையங்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நெசவாளியின் மகனாகிய அவரும், கட்டடத்தைத் தாம் கொடுத்து, இடத்தையும் வருஷாந்தரச் செலவையும் ஊராரே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். வழங்கியதோடு நின்றுவிட்ட தானங்கள் அலமாரியில் பூட்டுண்டு கிடக்க, ஊராரின் பொறுப்பும் ஆண்டுதோறும் வரும் பணமும் சேர்ந்த இடங்களே நெடுநாள் பயன் அளித்தன. வெஸ்டர்கர்க் நூல் நிலையம் இன்றும் பென்ட்பாத் கிராமத்தில் நூல்களை இரவல் கொடுத்து வருகிறது. ஆகையால், தங்கள் ஊர் நூல் நிலையத்துக்குப் புஸ்தகங்கள் அளிக்க முன்வரும் சங்கத்தாரும் தனவந்தரும், அவற்றோடு சிறிதளவேனும் ஒரு மூலதனத்தையும் சேர்த்து அளித்து, அதன் வட்டியில் எந்த நூலை வாங்குவது என்று தீர்மானிக்கும் உரிமையை அங்கே வந்து படிக்கிறவர்களிடமே விட்டுவிடும்படி வேண்டிக்கொள்கிறேன்.